வெர்னா நட்ட மரங்கள்

மாக்கினா தீவுக்கு வந்து இறங்குகிறவர்களை வெர்னா டூபே இரண்டே வகையாகத்தான் பிரித்து வைத்திருந்தாள். காலைப் படகில் வந்து சாயங்காலப் படகில் திரும்புகிறவர்கள் ஒரு வகை. பெட்டியைத் திறந்து துணிமணியை அலமாரியில் அடுக்குகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்காரர்களை அவள் மனுஷக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வதில்லை. வெண்ணெயும் சாக்லேட்டும் போட்டுக் கிண்டிய கட்டிகளைப் பெரிய தெருக் கடைகளில் வாங்கி, குதிரையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, பாதித் தீவைக்கூடப் பார்க்காமல் போகிற கூட்டம் அது. தீவுக்காரர்கள் அவர்களுக்கு வைத்திருக்கிற பெயரே மிட்டாய்க்காரர்கள்தான். அவர்கள் காசில்தான் தீவே சாப்பிடுகிறது என்பது வேறு விஷயம். வெர்னாவும் அதில்தான் சாப்பிட்டாள். அதற்காக மதித்துவிட முடியுமா என்ன?

படகுத்துறையில் வாடகைக் குதிரை வண்டி ஓட்டுவது அவள் பிழைப்பு. காரோ பஸ்ஸோ கிடையாத தீவில் ஊரையே சுமப்பது குதிரைகள்தான். அவளுடைய அப்பா அதே துறையில் சாமான் வண்டி ஓட்டினார். அம்மா மேட்டு விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். வெர்னா பிறந்ததும் படித்ததும் கல்யாணம் பண்ணிக்கொண்டதும் அங்கேயேதான். பல் பிடுங்கிக்கொள்ளவும் துக்கத்துக்குப் போகவும்தான் அவள் அக்கரைக்குப் போயிருக்கிறாள். வண்டியில் ஏறுகிறவர்களிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை நாள் இருப்பீர்கள் என்பது. ஒரு ராத்திரி என்றால் குறுக்கு வழியில் கொண்டுபோய் விடுதி வாசலில் இறக்கிவிடுவாள். ஒரு வாரம் என்றால் ஹூரான் ஏரி மொத்தமும் தெரிகிற திருப்பத்தில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துவாள். ஒரு மாதம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், டியூக், மேபல் என்ற தன் இரண்டு குதிரைகளின் குணாதிசயங்களில் ஆரம்பித்து ஊர்க்கதை முழுவதையும் அவிழ்த்துவிடுவாள்.

இவ்வளவு பிரியமாகப் பேசுகிறவள், யாரையும் இன்னும் இரண்டு நாள் இருங்களேன் என்று சொன்னதே இல்லை. அவள் மட்டுமில்லை, தீவில் யாருமே சொல்லமாட்டார்கள். அது அங்கே ஒரு வழக்கம். வருவதும் இருப்பதும் போவதும் அவரவர் பாடு. மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. கோடையில் தீவைக் காதலிக்காதவன் எவன்? லைலாக் பூத்துக் குலுங்கும்போது தெருவே மணக்கும். வந்தவனுக்குத் தலை கிறுகிறுத்துப் போகும். குளிர்காலம் வந்து, விடுதிகள் பூட்டி, ஐந்நூறு பேருக்கும் குறைவாக மிச்சமிருக்கிற ஊரில் பனி கதவை அடைக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். அப்போது, நீதானே இருக்கச் சொன்னாய் என்று யாரும் யாரையும் கேட்டுவிடக்கூடாது.

வெர்னாவுக்கு இந்தப் பாடம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அவள் புருஷன் டெல், விடுதியில் பியானோ வாசிக்க வந்தவன். செப்டம்பரில் கிளம்பவேண்டியவனை அவள்தான் இருக்கச் சொன்னாள். இருந்தான், கல்யாணமும் ஆயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு ஜனவரியிலும் ஜன்னலோரம் நின்று, "எல்லாம் உன் பேச்சைக் கேட்டதனால" என்பான். ஏழு ஜனவரி அதையே கேட்டாள். எட்டாவது வருஷம் டிசம்பர் மாதப் படகில் ஏறிப் போய்விட்டான். சத்தம் போடாமல், நல்ல பிள்ளையாக, தட்டைக்கூடக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அன்றையிலிருந்து இரு என்கிற வார்த்தையை வெர்னா குதிரையிடம்கூடச் சொல்வதில்லை.

ஹார்லன் டிட்வெல் வந்து இறங்கியது லைலாக் உதிர்கிற சமயத்தில். அயோவாவில் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கழுத்து நீண்ட, நிதானமான மனிதர். எத்தனை நாள் என்று வெர்னா கேட்டதற்கு இரண்டு ராத்திரி என்றார். குறுக்கு வழியில்தான் போனாள். ஆனால் அவர் இறங்கியதும் வாடகை கொடுப்பதற்கு முன்னால், மேபலின் சேணவார் தோளை உராய்கிறது, ஒரு துளை தளர்த்தினால் நல்லது என்றார். பார்த்தால் உண்மைதான். வெர்னாவுக்குக் கோபமாக வந்தது, ஆனாலும் அடுத்த நாள் அவரை ஏரி தெரிகிற மேட்டுச் சாலை வழியாகக் கூட்டிப்போனாள்.

இரண்டு ராத்திரி நான்காகி, நான்கு ஒரு வாரமாகி, விடுதி கட்டுப்படியாகாமல் அவர் வெர்னாவின் மாடி அறைக்குக் குடி வந்தார். வாரா வாரம் வாடகையைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவார். விடிகாலையில் லாயத்துக்கு வந்து, கேட்காமலேயே சாணியை அள்ளுவார். அள்ளிக்கொண்டே பேசுவார்.

அவருக்கும் அவர் மனைவி நெட்டிக்கும் ஓய்வுக்கப்புறம் அமெரிக்கா முழுக்கப் போகவேண்டும் என்று ஒரு கனவு இருந்ததாம். போகிற இடத்தில் எல்லாம் நாள்கணக்கில் தங்கவேண்டும், ஓடக்கூடாது என்பது நெட்டியின் நிபந்தனை. கிளம்புவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் நெட்டி செத்துப்போனாள். ஹார்லன் தனியாகக் கிளம்பிவிட்டார். கிராண்ட் கேன்யன் விளிம்பில் ஒரே பெஞ்சில் பத்து நாள் உட்கார்ந்திருந்தாராம். மற்றவர்கள் வந்து, அடேயப்பா என்று சொல்லி, காருக்குத் திரும்பிக்கொண்டே இருந்தார்கள். இவர் மட்டும், வெயில் சாயச்சாய அந்தப் பள்ளம் ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போவதைத் தினம் பார்த்தார். நியூ ஆர்லியன்ஸில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே ஒரு மாதம். எதிர்வீட்டுக்காரன் மாடத்தில் நின்று டிராம்போன் பழகுவான். ஒரே பாட்டு, ஒரே இடத்தில் தடுக்கும். அவன் தடுக்காமல் வாசித்த அன்று தெருவே கைதட்டியது, அதற்காகவே ஒரு மாதம் இருக்கலாம் என்றார். சாவன்னாவில் ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி தொங்குகிற சதுக்கங்களில் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததாம்.

வெர்னா பாட்டுக்கு டியூக்குக்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அவளுடைய வண்டி கேன்யன் விளிம்பில் போய்க்கொண்டிருக்கும். குளம்புச் சத்தம் கீழே விழுந்து வெகுநேரம் கழித்துத் திரும்பி வரும். சில ராத்திரிகளில் டிராம்போனும் கேட்கும். காலையில் எழுந்தால் ஏதோ ஊரிலிருந்து திரும்பி வந்ததுபோல உடம்பு அசதியாக இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

"இவ்வளவு ஊர் பாத்துட்டு இங்க என்னத்தக் கண்டீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மத்த ஊர்ல எல்லாம் பாக்கறதுக்கு ஏதாவது இருந்தது," என்றார் ஹார்லன். "இங்க சாணி அள்றதுக்கு இருக்கு."

அவள் சிரித்தாள். சிரித்தபோதே பயமும் வந்துவிட்டது. டெல்லும் இப்படித்தான் சிரிக்க வைப்பான்.

அக்டோபரில் குதிரைகள் படகேறி அக்கரைப் பண்ணைக்குப் போயின. மிட்டாய்க் கடைகள் பலகை அடித்து மூடின. மூடுபனி இறங்கினால் எதிர்வீடு தெரியாது; ஏரியில் போகிற சரக்குக் கப்பலின் ஊதல் மட்டும் படுக்கைக்குப் பக்கத்தில் கேட்பதுபோல் கேட்கும். ஹார்லன் கிளம்புகிற வழியாக இல்லை. நவம்பரில் நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்கு வான்கோழியைக் கருக்கினார். கிறிஸ்துமஸுக்குக் காட்டிலிருந்து ஒரு பக்கம் மொட்டையான பால்சம் ஊசியிலை மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மொட்டைப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, பண்டிகை முடிந்ததும் இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

வெர்னா சொன்னாள். தை மாசிக் குளிரில் ஏரி உறைந்து இறுகினால், தீவிலிருந்து அக்கரையில் இருக்கிற செயின்ட் இக்னஸ் ஊர் வரைக்கும் பனிமேல் வழி கிடைக்கும். முதலில் இரண்டு மூன்று பேர் கடப்பாரையோடு போய் அடிக்கு அடி குத்திப் பார்ப்பார்கள். கெட்டி என்று தெரிந்த இடத்தில் துளை போட்டு, வீட்டுக்கு வீடு சேர்த்த கிறிஸ்துமஸ் மரங்களை வரிசையாக நடுவார்கள். பனிக்காற்றில் கண் தெரியாதவன்கூட மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்துவிடுவான். மரம் நிற்கிறது என்றால் பனி தாங்கும் என்று அர்த்தம். அதில் பொய் கிடையாது. வெர்னா தன் அப்பாவோடு போய் மரம் நட்டவள். இப்போது அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் லெஸ்டர்.

ஹார்லன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வழியில் ஒருதரம் நடந்துவிடவேண்டும் என்றார். ஆனால் ஜனவரி பிறந்ததும் அவர் மகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று போன் வந்தது. ஏரி உறைந்து படகுப் போக்குவரத்து நிற்பதற்குள் போகவேண்டும். படகுத்துறையில் அவர் சின்னப் பெட்டி ஒன்றோடு நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னா அவர் கையுறையைச் சரியாக இழுத்துவிட்டு, ஜாக்கிரதையாகப் போய்விட்டு வாருங்கள் என்றாள். வீட்டுக்கு வந்தால் அவர் கோப்பை கழுவி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் இவரும் போய்விட்டார் என்றே நினைத்தாள்.

பிப்ரவரி மத்தியில் ஒரு வியாழக்கிழமை போன் அடித்தது. ஹார்லன்தான், செயின்ட் இக்னஸிலிருந்து. மகள் தேறிவிட்டாள். இரண்டு நாளாக அங்கே ஒரு விடுதியில் காத்திருக்கிறாராம். மூடுபனியில் தீவுக்கு வருகிற சின்ன விமானமும் பறக்கவில்லை.

"ஏரியில பனி பிடிச்சுதா?" என்று கேட்டார்.

"இந்த வருஷம் லேட்டு."

"பொண்ணு அவ வீட்டுக் கீழ்தளத்துல எனக்கு ஒரு அறை ஒழிச்சு வெச்சிருக்கா. நிரந்தரமா வந்துடுங்கறா. ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னேன்." அப்புறம் கேட்டேவிட்டார். "என்ன சொல்லட்டும் வெர்னா?"

"அது உங்க இஷ்டம்," என்றாள் வெர்னா.

அந்தப் போனைப் பிடுங்கி நாமே இரண்டு வார்த்தை பேசிவிடலாமா என்று இருக்கிறது. மனசு முழுக்க வா வா என்று அடித்துக்கொள்கிறது, வாயில் வருவதோ இது. போனை வைத்துவிட்டு அவள் சமையலறையில் வெகுநேரம் நின்றாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு லெஸ்டரைத் தேடிப்போனாள். லெஸ்டர் கரையில் நின்று தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி குளிர் போதாது, நடுவே நீரோட்டம் இருக்கிறது, திங்கட்கிழமைக்கு முன்னால் யாரும் கால் வைக்கக்கூடாது என்றார். திங்கட்கிழமை என்றால் ஞாயிறு தாண்டிவிடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி குளிர் கடித்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் பனி பூத்தது. சனிக்கிழமை விடிந்ததும் வெர்னா ஹார்லனுக்குப் போன் போட்டு, மரம் நட ஆரம்பித்தாயிற்று என்று மட்டும் சொன்னாள். வா என்று சொல்லவில்லை பாருங்கள், அப்போதும் சொல்லவில்லை. ஊர் சேர்த்து வைத்திருந்த மரங்களைச் சறுக்குவண்டியில் ஏற்றி, கடப்பாரையை எடுத்துக்கொண்டு, தன்னந்தனியாக ஏரியில் இறங்கினாள். கேட்கவேண்டிய வாய் அடைத்துக்கொண்டது; கை முந்திக்கொண்டது.

கரையோரம் பனி கல் மாதிரி இருந்தது. குத்தினாள், நட்டாள், நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் குத்துவதும் குறைந்துபோயிற்று. சுற்றிலும் பால் போல வெள்ளை. வானம் எங்கே முடிந்து ஏரி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தான் நட்ட மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோவது தெரிந்தது. அவளுக்கு ஒரு மயக்கம் போலச் சந்தோஷமாக இருந்தது. மொட்டைப் பக்கம் கொண்ட பால்சம் மரத்தை நட்டுவிட்டு, அதன் கிளையைத் தட்டிக்கொடுத்தாள். இந்த வெள்ளைக்கு நடுவிலிருந்து நீண்ட கழுத்தோடு ஒரு மனிதர் நடந்து வருவார் என்று சிரித்துக்கொண்டாள்.

அப்போதுதான் காலுக்கு முன்னால் பனி புகைவதைக் கண்டாள்.

உறைந்த ஏரி புகையாது. புகை எழுந்தால் அங்கே திறந்த தண்ணீர் இருக்கிறது என்று தீவில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வாரமாக ஊரை மூடியிருந்த மூடுபனிக்கும் அதுதான் காரணம். தினம் அவள் வாசலுக்கு வந்து சொல்லிக்கொண்டிருந்தது. கடப்பாரையை நீட்டிக் குத்தினாள். ஈரச் சத்தத்தோடு அது இறங்கியது. பையிலிருந்து போனை எடுத்து ஹார்லனைக் கூப்பிட்டாள். மணி அடித்தவுடன் எடுத்தார்; பூட்ஸ் நெறுநெறுக்கிற சத்தமும் சேர்ந்து கேட்டது.

"வந்துக்கிட்டே இருக்கேன்," என்றார். "இங்க கரையில இருந்தவங்க யாரும் இன்னும் போகலைன்னாங்க. நான்தான், தீவுலேர்ந்து மரம் வருது, எதுத்தாப்ல பிடிச்சுக்கறேன்னு இறங்கிட்டேன். முன்னாடி புகையா இருக்கு. அதுக்குள்ள பச்சையா ஒண்ணு தெரியற மாதிரி இருக்கு."

"நில்லு. நில்லு ஹார்லன். உனக்கும் எனக்கும் நடுவுல தண்ணி."

நெறுநெறுப்பு நின்றது. "மரம் நட்டாச்சுன்னியே."

"லெஸ்டர் நடலை. நான் நட்டேன். யாரும் சோதிச்சுப் பாக்கலை. திரும்பு. வந்த கால் தடத்துலயே போ."

அவர் அசையவில்லை என்பது அவளுக்குக் கேட்டது. "வரவேண்டாம்னா நேரா சொல்லிடலாம் வெர்னா," என்றார் மெதுவாக. "படகுத்துறையிலயும் நீ ஒண்ணும் சொல்லலை. போன்லயும் சொல்லலை. எனக்குப் புரியும்."

"உனக்கு ஒண்ணும் புரியலை. உன்னைப் பாக்கணும்னு தவிச்சுப்போய், அழுகின பனிமேல மரம் நட்டு வெச்சிருக்கேன். உன்னைக் கொன்னே இருப்பேன். நான் டூபே வீட்டுப் பொண்ணு, என்னை மாதிரி ஒருத்தி இதைச் செய்யலாமா? எனக்கு நீ வேணும், ஹார்லன். முதுகைக் காட்டிட்டு நட."

அவர் நடந்தார். வெர்னாவும் திரும்பி நடந்தாள். ஏரிக்கு நடுவிலிருந்து இரண்டு பேரும் ஒருவரை விட்டு ஒருவர் விலகிப் போனார்கள். காதில் போன் அப்படியே இருந்தது. ஒவ்வொரு மரத்தருகிலும் அவள் நின்று, ஒற்றைக் கையால் அதைப் பிடுங்கி வண்டியில் போட்டாள். இடையிடையே எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். வெள்ளையில் இருக்கிறேன் என்றார் அவர். டெல்லைப் பற்றி, ஏழு ஜனவரிகளைப் பற்றி, கழுவி வைத்த தட்டைப் பற்றி எல்லாம் சொன்னாள். கோப்பையைக் கழுவியது நெட்டி பழக்கிய பழக்கம், வேறு ஒன்றுமில்லை என்றார் ஹார்லன். யாரும் எங்கேயும் தன்னை இரு என்று சொன்னதில்லை, அறையை எப்போது காலி பண்ணுவீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள் என்றார். ஒருதரம் அவர் காலுக்கடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் நெறுநெறுவென்று நடை கேட்டது.

வெகுநேரத்துக்கப்புறம் அந்தச் சத்தம் மாறி, கூழாங்கல் உருளுகிற சத்தம் வந்தது. கரையேறிவிட்டேன் என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. மரக் குவியல் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

தீவுக் கரையிலிருந்து லெஸ்டர் வந்துகொண்டிருந்தார். வண்டியில் கிடந்த மரங்களையும், பனியில் வாய் திறந்து நின்ற துளைகளையும் பார்த்தார். விஷயம் முழுக்க அவருக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்து அவள் எதிரே வந்து நின்றார். வெர்னா கையை உயர்த்தி அவரை இருக்கச் சொன்னாள். எந்தத் திட்டானாலும் வாங்கிக்கொள்ள அவள் தயார், ஆனால் அதற்கு முன்னால் முடிக்கவேண்டியது ஒன்று இருந்தது.

"பொண்ணுக்கு நாளைக்கு என்ன சொல்லட்டும்?" என்று போனில் ஹார்லன் கேட்டார்.

வெர்னா லெஸ்டரைப் பார்த்துக்கொண்டே, அவர் காதுபடவே சொன்னாள்.

"வரலைன்னு சொல்லிடு. மூடுபனி விலகினதும் விமானத்துல வா. வந்துட்டு திரும்பிப் போகாதே. என்கூட இரு. ஜனவரி வந்து நீ என்னைத் திட்டினாலும் பரவால்ல, இரு."

லெஸ்டர் திட்ட வந்ததை விட்டுவிட்டார். இனிமேல் நீ கடப்பாரையைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டிக் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கி, கரையைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தார்.